டோரேமான் பொம்மை விற்கப் பிறந்த கதையா? ஜப்பானியச் சிறுவர் பத்திரிகைகளும் அவற்றின் இலவச இணைப்புகளும்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். முதல் வகுப்பில் படிக்கும் உங்கள் மகனுக்குப் பள்ளிப் பை, தண்ணீர் பாட்டில், பென்சில் டப்பா, போர்வை என்று எல்லாமே டோரேமான், எதிர்காலத்திலிருந்து வந்த அந்த நீலப் பூனை ரோபோ. ஜப்பானில் டோரேமான் வரும் பத்திரிகைகள் நிறைய உண்டு, ஒவ்வொன்றோடும் பொம்மை தருவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவை என்ன, இப்போதும் வருகின்றனவா, வாங்கித் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையாகவே கேட்க வந்தது கடைசி வரியில்தான் இருக்கிறது: "பொருளை விற்பதற்காகவே இந்தக் கதையை உண்டாக்கினார்களா?" அதற்குத்தான் முக்கியமாகப் பதில் சொல்லப் போகிறேன். பத்திரிகை விவரங்கள் அதன் கூடவே வந்துவிடும்.

எனக்கு இதில் என்ன சம்பந்தம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் சிவகாசியில் அச்சுத் தொழில் செய்கிறது. நான் 2012 முதல் ஒன்பது வருடம் டோக்கியோவுக்கு வடக்கே சைதாமாவில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். அச்சான அட்டையை டை (வேண்டிய வடிவத்துக்கு வளைத்த வெட்டுக் கத்தி) வைத்து வெட்டி, மடிப்புக் கோடு போடும் பிரிவு. சிறுவர் பத்திரிகைகளோடு வரும் காகித இணைப்புகளும் அவ்வப்போது எங்கள் மிஷினில் ஓடியிருக்கின்றன. மகள் அங்கேதான் முதல் வகுப்பு சேர்ந்தாள். விடுமுறை நாட்களில் டோக்கியோவின் ஜின்போச்சோ பகுதிப் பழைய புத்தகக் கடைகளில் ஐம்பது வருடத்துக்கு முந்தைய சிறுவர் இதழ்களைத் தேடி வாங்குவது என் பழக்கம். பதிப்பகத்துக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தவன் இல்லை. அச்சு, காகிதம், பழைய இதழ்கள் என்ற பக்கத்திலிருந்துதான் பேசுகிறேன்.

நேரடியான பதில்: இல்லை. டோரேமானுக்குப் பத்திரிகைதான் தாய்வீடு. பொம்மைக் கடை வந்தது ஏறக்குறைய பத்து வருடம் கழித்து. 1969 டிசம்பரில் கடைக்கு வந்த 1970 ஜனவரி இதழ்களில் கதை தொடங்கியது. "இதழ்கள்" என்று பன்மையில் சொல்வதைக் கவனியுங்கள். ஷோகாகுகான் பதிப்பகம் நடத்திய ஆறு பத்திரிகைகளில் ஒரே மாதத்தில் ஆரம்பித்தார்கள். பள்ளிக்குப் போகாத குழந்தைகளுக்கான 'யோய்கோ', மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கான 'யோச்சியென்', அப்புறம் முதல் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை வகுப்புக்கு ஒன்றாக நான்கு. அந்தப் பத்திரிகைகளின் பெயரே வகுப்பின் பெயர்தான். 'ஷோகாகு இச்சிநென்செய்' என்றால் 'தொடக்கப் பள்ளி முதல் வகுப்பு மாணவர்' என்று அர்த்தம். ஏப்ரலில் பள்ளி திறக்கும்போது பிள்ளை எந்த வகுப்புக்குப் போகிறதோ அந்தப் பத்திரிகையை வாங்குவார்கள். அடுத்த ஏப்ரலில் அடுத்த பத்திரிகை. பாடமும் உண்டு, கதையும் உண்டு, கூடவே ஓர் இணைப்பும் உண்டு.

இந்த அமைப்பு டோரேமானுக்கு முன்பே வேரூன்றியது. ஷோகாகுகான் 1922ல் தொடங்கியதே ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பத்திரிகைகளோடுதான். முதல் வகுப்புக்கானது 1925ல் வந்தது. அதன் உச்சம் 1973 ஏப்ரல் இதழ், 12 லட்சத்து 80 ஆயிரம் பிரதிகள். ஒரே ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கான பத்திரிகை என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். இதை அச்சடித்து, ஒவ்வொன்றிலும் இணைப்பைச் செருகி, கயிறு கட்டி, ஒரே நாளில் நாடு முழுக்க அனுப்ப வேண்டும். அச்சுத் தொழிலில் இருப்பவனுக்கு நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

ஆறு பத்திரிகையிலும் ஒரே கதையைப் போட்டிருப்பார்கள் என்று நினைப்போம். அப்படிச் செய்யவில்லை. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற பெயரில் நாம் அறியும் ஹிரோஷி ஃபுஜிமோட்டோ, மாதாமாதம் ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனியாக வரைந்தார். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய கட்டங்கள், கொஞ்சமாக வசனம், ஒரு வேடிக்கை. நான்காம் வகுப்புக்குப் போகும்போது, டோரேமான் தங்கியிருக்கும் வீட்டுப் பையன் நோபிதாவின் பொய், பொறாமை, தோழி ஷிசுகாவின் முன் படும் வெட்கம் எல்லாம் வந்துவிடும். நோபிதாவும் வாசகனோடு சேர்ந்து வளர்ந்தான். டோரேமானின் உயரம் 129.3 சென்டிமீட்டர் என்று எல்லாப் பொம்மை அட்டையிலும் போட்டிருப்பார்களே, அது எங்கிருந்து வந்தது தெரியுமா? அப்போதைய நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் சராசரி உயரம் அது. எந்தக் குழந்தையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, நேருக்கு நேர் பேசலாம். விற்பனைக்காக யோசித்தவர் இப்படியெல்லாம் அளவெடுத்திருப்பாரா? எனக்குத் தோன்றவில்லை.

இந்த வகுப்பு முறையால் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரிந்துவிடும். ஆரம்ப வருடங்களில் ஐந்தாம் வகுப்புப் பத்திரிகையில் டோரேமான் கிடையாது. நான்காம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு மார்ச் இதழ்தான் கடைசிச் சந்திப்பு. அதனால் 1971 மார்ச்சிலும் 1972 மார்ச்சிலும் நான்காம் வகுப்பு இதழில் மட்டும் டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்பிப் போய்விடுவதாகக் கதையை முடித்தார். அதே மாதம் மூன்றாம் வகுப்பு இதழில் டோரேமான் வழக்கம்போல நோபிதா வீட்டில்தான் இருந்தது! பள்ளி மாறும் பிள்ளைகளுக்கு விடைகொடுப்பது போல, அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் ஒரு முடிவு. 1974 மார்ச்சில் மூன்றாவது முறையாக நிஜமாகவே நிறுத்திவிடும் எண்ணத்தில் ஒரு பிரிவுக் கதை எழுதினார். மனது கேட்கவில்லை. அடுத்த மாதமே திரும்பி வந்துவிட்டது. டோரேமான் முழுத் தொகுப்பை 2009லிருந்து 20 பாகங்களாக வெளியிட்டபோது கூட, வெளிவந்த தேதி வரிசையில் அடுக்கவில்லை. இன்ன வருடம் பிறந்த பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பாக ஏறும்போது எந்தெந்தக் கதையைப் படித்திருப்பார்களோ அந்த வரிசையில் அடுக்கினார்கள். இதைப் பார்த்த அன்று எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

சரி, கதை பிறந்த விதம். ஃபுஜிமோட்டோ தானே சொன்ன கதை இது. புதுத் தொடருக்கு அறிவிப்பு போக வேண்டும், கையில் ஒரு யோசனையும் இல்லை. அதனால் அறிவிப்பில் தலைப்பும் இல்லை, டோரேமானும் இல்லை. மேசை இழுப்பறையிலிருந்து என்னமோ வெளியே வருகிறது, பையன் திகைக்கிறான், அவ்வளவுதான். இது அச்சில் இருக்கிறது, சந்தேகமே இல்லை. பிறகு பூனை ஒன்றைப் பற்றி யோசித்துக்கொண்டே நடந்தவர் மகளின் பொம்மை மீது கால் இடறினார். தள்ளினால் சாயும், விட்டால் எழுந்து நிற்கும் பொம்மை அது. நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் ஜாதி. அடியில் கனம், மேலே உருண்டை. பூனையையும் அந்தப் பொம்மையையும் சேர்த்ததுதான் டோரேமானின் உருவம். ஆக, பொம்மைக்காகக் கதை வரவில்லை. ஒரு வீட்டுத் தரையில் கிடந்த பொம்மையிலிருந்துதான் கதை வந்தது.

நீலம் ஏன் என்பதற்கு இரண்டு பதில்கள் சுற்றுகின்றன. கதைக்குள் சொல்லும் காரணம், எலிகள் காதைக் கடித்த துக்கத்தில் மஞ்சள் நிறம் போய்விட்டது என்பது. மற்றொன்று அச்சு சம்பந்தப்பட்டது. சிறுவர் இதழ்களின் முகப்புப் பக்கத்தில் பின்னணி பெரும்பாலும் மஞ்சள், தலைப்பெழுத்து சிவப்பு. அவற்றுக்கு நடுவே எடுப்பாகத் தெரிய மிச்சம் இருந்தது நீலம் என்பார்கள். பழைய இதழ்களைப் புரட்டும்போது இது பொருத்தமாகத்தான் படுகிறது. ஆனாலும் இதை நான் நம்புகிறேன் என்று மட்டும் சொல்வேன், நிச்சயம் என்று சொல்ல மாட்டேன்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறுவர் கதையை வைத்துப் பொருள் விற்கலாம் என்பது அந்தப் பதிப்பகத்துக்கு அப்போது தெரியாத விஷயம் இல்லை. ஃபுஜிமோட்டோவும் அவர் நண்பர் மோட்டோ அபிகோவும் சேர்ந்து 1964ல் உருவாக்கிய 'ஒபாகே நோ கியூதாரோ' என்ற குட்டிப் பேய்க் கதை 1965ல் தொலைக்காட்சிக்குப் போனது. ஒரு மிட்டாய் நிறுவனம் நிகழ்ச்சிக்கு விளம்பரம் தர, நாடெங்கும் கியூதாரோ பொருட்கள் குவிந்தன. 1967ல் ஷோகாகுகான் கட்டிய தலைமைக் கட்டடத்துக்கு 'ஒபா-கியூ பில்டிங்' என்றே பட்டப்பெயர் வந்தது. உண்மையிலேயே அந்தப் பணத்தில்தான் கட்டினார்களா என்பது வேறு கதை, பட்டப்பெயரின் சுவாரஸ்யத்துக்கு மேல் அதை நான் நம்புவதில்லை. 2013ல் அந்தக் கட்டடத்தை இடிப்பதற்கு முன் சித்திரக்கதைக் கலைஞர்கள் பலர் கூடி அதன் கீழ்த்தளச் சுவரிலும் கண்ணாடியிலும் படம் வரைந்து வழியனுப்பினார்கள். பார்க்கக் கூட்டம் அலைமோதியது.

ஆகவே வியாபாரம் தெரியாத அப்பாவிகள் தொடங்கியது என்று நான் சொல்ல வரவில்லை. டோரேமானைப் பொறுத்தவரை வரிசை இப்படி இருந்தது என்கிறேன். 1970ல் பத்திரிகை. 1973 ஏப்ரலில் முதல் முறையாகத் தொலைக்காட்சித் தொடர் வந்தது, ஆறே மாதத்தில் நின்றுபோனது. 1974ல் கதைகளைத் திரட்டிப் புத்தகமாகப் போட ஆரம்பித்தார்கள், அது நன்றாக விற்றது, கடைசியில் 45 தொகுதிகள் ஆயிற்று. 1977ல் 'கோரோகோரோ காமிக்' என்ற பத்திரிகை பிறந்தது. ஆறேழு பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த டோரேமான் கதைகளை ஒரே இடத்தில் நிறையப் படிக்க வேண்டும் என்ற பிள்ளைகளுக்காகவே அது ஆரம்பிக்கப்பட்டது. 1979 ஏப்ரலில் இரண்டாவது தொலைக்காட்சித் தொடர், திங்கள் முதல் சனி வரை தினம் பத்து நிமிடம். 1980 மார்ச்சில் முதல் முழுநீளப் படம். அந்தப் படத்தின் கதையையும் முதலில் கோரோகோரோவில் தொடராக வெளியிட்டுவிட்டுத்தான் திரைக்குக் கொண்டுபோனார்கள். பொருட்கள் கடை கடையாக நிறைந்தது இந்தத் தொலைக்காட்சித் தொடருக்குப் பிறகுதான். அதற்குள் முதல் இதழைப் படித்த முதல் வகுப்புப் பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயது.

எதிர்த் திசையில் போன உதாரணமும் ஜப்பானிலேயே உண்டு, ஒப்பிடுவதற்காகச் சொல்கிறேன். 1971ல் 'காமென் ரைடர்' என்ற முகமூடி நாயகனின் தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதே வருடக் கடைசியில் கோதன்ஷா பதிப்பகம் 'டெரேபி மேகசின்' என்ற பத்திரிகையைத் தொடங்கியது. தொலைக்காட்சி நாயகர்களின் வண்ணப் புகைப்படங்கள்தான் அதன் சாரம். பாப்பி என்ற பொம்மை நிறுவனம், அந்த நாயகன் அணிவது போல விளக்கெரிந்து சக்கரம் சுழலும் இடுப்புப் பட்டையை விற்றது. கல்பீ நிறுவனம் ஒரு தின்பண்டப் பொட்டலத்தோடு காமென் ரைடர் அட்டை ஒன்று கொடுத்தது. பிள்ளைகள் அட்டையை எடுத்துக்கொண்டு தின்பண்டத்தைக் குப்பையில் போட்டார்கள். அது அந்நாளில் பெரிய சமூகப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. 1985ல் லோட்டே நிறுவனத்தின் 'பிக்குரிமான்' சாக்லேட்டோடு வந்த ஸ்டிக்கர்களிலும் இதே கதைதான். அரிய ஸ்டிக்கருக்காகப் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். 1988ல் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு ஆணையமே தலையிட்டு, ஸ்டிக்கர்களுக்குள் அந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கச் சொன்னது. உங்கள் கவலை ஜப்பானியப் பெற்றோருக்கும் புதிதல்ல என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இனி இணைப்புக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஜப்பானிய மொழியில் 'ஃபுரோகு' என்பார்கள். நம் வாரப் பத்திரிகைகளின் 'இலவச இணைப்பு' என்ற சொல் அதற்கு அச்சாகப் பொருந்தும். பல பத்தாண்டுகள் இந்த இணைப்புகள் கிட்டத்தட்ட முழுக்கக் காகிதமாகவே இருந்தன. அதற்குக் காரணம் கலை இல்லை, ரயில். பத்திரிகைகளைச் சலுகைக் கட்டணத்தில் ஏற்றிச் சென்ற தேசிய ரயில்வே, கூட வரும் இணைப்புக்குக் கட்டுப்பாடு வைத்திருந்தது. பருமனாக, கனமாக, காகிதமல்லாததாக இருந்தால் அது பத்திரிகை அல்ல, சரக்கு. பத்திரிகைச் சங்கமும் அதையொட்டியே தனக்கு விதிகள் வகுத்துக்கொண்டது. அவை 2001ல்தான் பெரிய அளவில் தளர்ந்தன. அதற்குப் பிறகு பெண்கள் பத்திரிகைகள் கைப்பையையே இணைப்பாகக் கொடுக்க ஆரம்பித்தன. இந்த விதி ஒட்டாத ஒரு பத்திரிகையும் இருந்தது. கக்கென் நிறுவனத்தின் 'ககாகு', அதாவது 'அறிவியல்', புத்தகக் கடை வழியாகப் போகாமல் பள்ளியிலும் பின்னர் வீடு வீடாகவும் நேரே விற்கப்பட்டது. அதனால் பிளாஸ்டிக் சோதனைக் கருவிகளை அதோடு தாராளமாகத் தர முடிந்தது. அது 2010ல் நின்றது.

ஆக, கடை வழியாகப் போன பத்திரிகைகளுக்கு இருந்தது அட்டையும் ரப்பர் வளையமும்தான். அதை வைத்துக்கொண்டு மாதம் ஒரு புதுமை செய்ய வேண்டும். இந்த நெருக்கடியிலிருந்துதான் அட்டையில் செய்யும் விளையாட்டுப் பொருட்களில் உலகத்தில் வேறெங்கும் நான் பார்க்காத ஒரு திறமை அங்கே வளர்ந்தது. விதி தளர்ந்த பிறகும் அந்தத் திறமை போகவில்லை. 'யோச்சியென்' இதழ் 2018ல் ஒரு சூஷி உணவகத்தோடு சேர்ந்து சுழலும் சூஷி மேசையைக் காகிதத்தில் தந்தது. 2019ல் ஐஸ்கிரீம் விற்கும் தானியங்கிப் பெட்டி. 2020ல் வங்கி ஏடிஎம். கடைகளில் உடனே தீர்ந்துபோயின.

அந்த ஐஸ்கிரீம் பெட்டியை நானும் மகளும் சேர்ந்து செய்தோம். பத்திரிகையின் நடுவில் கெட்டி அட்டைகள் அடுக்கியிருக்கும். கத்தரிக்கோல் தேவையில்லை, டை வெட்டு அவ்வளவு துல்லியம். விரலால் தள்ளினால் ஓரத்தில் பிசிறு இல்லாமல் துண்டு கழன்று கையில் வரும். எங்கள் ஊரில் நான் டை பஞ்சிங் ஓட்டிய காலத்தில் துண்டு உதிராமல் இருக்க நடுவில் விடும் சின்னப் பிணைப்புகள் தடித்துப் போய், கிழித்தால் அட்டையும் கூடக் கிழியும். இங்கே அந்தப் பிணைப்பு ஒரு முடியின் தடிமன்தான், அதுவும் வெளியே தெரியாத பக்கத்தில். பிளவுக்குள் செருகும் ஒவ்வொரு நாக்கிலும் எண் போட்டிருக்கும். 7 என்ற நாக்கு 7 என்ற பிளவுக்குள் போகும். பெரிய மடிப்புகள் எல்லாம் அட்டையின் இழை ஓடும் திசையிலேயே வரும்படி தாளில் துண்டுகளை அடுக்கியிருந்தார்கள். இழைக்குக் குறுக்கே மடித்தால் அட்டை வெடிக்கும், நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இழைக்காகப் பார்த்தால் தாளில் வீணாகும் இடம் கூடும், செலவு ஏறும். ஒரே மாதத்தில் கசங்கிக் குப்பைக்குப் போகக்கூடிய ஒரு காகிதப் பெட்டிக்கு அந்தச் செலவைச் செய்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. காசைப் போட்டு அழுத்தினதும் முதல் ஐஸ்கிரீம் 'டப்'பென்று விழுந்தபோது மகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

நான் ஏன் இதை இவ்வளவு விவரிக்கிறேன் என்றால், உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இந்த அட்டையில் இருக்கிறது. கடையில் வாங்கும் டோரேமான் தண்ணீர் பாட்டிலில் குழந்தைக்கு வேலை ஒன்றும் இல்லை. படம் ஒட்டிய சாமான், அவ்வளவுதான். இணைப்பு அப்படியில்லை. அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டும், பிறகு பிரித்து, மடித்து, தப்பாகச் செருகி, திரும்பக் கழற்றி, தானே ஓட வைக்க வேண்டும். டோரேமான் வயிற்றுப் பையிலிருந்து எடுக்கும் கருவிகளை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கதையிலும் ஒரு புது சாமான், நோபிதா அதைத் தப்பாகப் பயன்படுத்தி மாட்டிக்கொள்வான். மாதாமாதம் புது இணைப்புக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் பத்திரிகையில் இப்படி ஒரு கதை பிறந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இது என் ஊகம்தான், ஃபுஜிமோட்டோ இப்படிச் சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை.

பத்திரிகையும் விளையாட்டுச் சாமானும் பின்னாளில் இன்னும் நெருங்கிவிட்டன. அதில் முன்னே நின்றது கோரோகோரோதான். 1987ல் அதில் தொடங்கிய ஒரு பந்தயக் கதை டமியா நிறுவனத்தின் மினி ஃபோர் டபிள்யூ டி குட்டிக் கார்களைப் பள்ளிக்குப் பள்ளி கொண்டுபோனது. 1996ல் போக்கிமான் வீடியோ விளையாட்டு வெளியானபோது, மறைந்திருக்கும் 'மியூ' என்ற பிராணியை 20 பேருக்குத் தருவதாகக் கோரோகோரோ அறிவித்தது. 78 ஆயிரம் விண்ணப்பங்கள் குவிந்தன. போக்கிமான் நாடு தழுவிய மோகமானதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே வருடம் விளையாட்டின் நீலப் பதிப்பைக் கடைக்குக் கொடுக்காமல், இந்தப் பத்திரிகை வழியாக அஞ்சலில் மட்டும் விற்றார்கள். இங்கே வரும்போது "பத்திரிகை விளம்பரமாகிவிட்டது" என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது டோரேமான் பிறந்து கால் நூற்றாண்டு கழித்து நடந்தது.

இணையத்தில் சுற்றும் இரண்டு விஷயங்களையும் தெளிவுபடுத்திவிடுகிறேன், உங்கள் மகன் என்றைக்காவது கேட்பான். நோபிதா கோமாவில் கிடக்கிறான், எல்லாம் அவன் கனவு என்ற 'கடைசிப் பகுதி' பொய். எண்பதுகளில் ஜப்பானியப் பள்ளிகளில் பரவிய வதந்தி அது. நோபிதா பெரிய விஞ்ஞானியாகி டோரேமானுக்குத் தானே உயிர் கொடுக்கிறான் என்பது ரசிகர் கற்பனை. ஒருவர் அதைச் சித்திரக்கதையாகவே வரைந்து 2005ல் விற்றார். அசலைப் போலவே இருந்ததால் பதிப்பகம் ஆட்சேபித்தது. 2007ல் அவர் மன்னிப்புக் கேட்டு, லாபத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். ஃபுஜிமோட்டோ 1996 செப்டம்பரில் காலமானார். அவர் கையால் எழுதிய இறுதி முடிவு என்று எதுவும் கிடையாது.

ஜப்பானிலும் பிள்ளைகள் மேல் இப்படிப் படம் போட்ட சாமான்கள் கொட்டுகின்றனவா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் ஆமாம். பள்ளியில் அவ்வளவாக இல்லை. முதல் வகுப்பில் சேரும்போது என் மகளுக்குக் கொடுத்த பட்டியலில் படமில்லாத பென்சில், படமில்லாத டப்பா, படமில்லாத அழிப்பான் என்று போட்டிருந்தது. பல பள்ளிகளில் இதுதான் வழக்கம். வகுப்பில் கவனம் சிதறக் கூடாது என்பது காரணம். நாங்கள் வீட்டுக்கு ஒரு டப்பா, பள்ளிக்கு ஒரு டப்பா என்று வைத்துக்கொண்டோம். மகள் ஒரு வாரம் முனகினாள், அப்புறம் பழகிவிட்டது.

இப்போது வாங்குவது பற்றி. வகுப்புப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. பிறப்பு விகிதம் குறைந்தது ஒரு காரணம். எட்டு வயதுப் பெண்ணும் எட்டு வயதுப் பையனும் ஒரே பத்திரிகையை விரும்பிய காலம் போனது இன்னொன்று. ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கானவை 2010ல் நின்றன, மூன்று, நான்கு 2012ல். இரண்டாம் வகுப்புக்கானது 2016 டிசம்பரில் தன் கடைசி இதழை வெளியிட்டது. முதல் வகுப்புக்கான 'ஷோகாகு இச்சிநென்செய்' மட்டும் நூறு வயதைத் தொட்டு நிற்கிறது. மூடியவற்றுக்குப் பதிலாக 2017ல் 'எட்டாம் வகுப்பு மாணவர்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். ஜப்பானியத் தொடக்கப் பள்ளியில் எட்டாம் வகுப்பே கிடையாது! கால்குலேட்டரில் தெரியும் 8 என்ற எண்ணில் சில கோடுகளை அணைத்தால் 2, 3, 4, 5, 6 எதுவாகவும் ஆகும் அல்லவா, எல்லா வகுப்புக்கும் பொது என்பதற்காக அந்தப் பெயர். கோரோகோரோ இன்றும் செங்கல் கனத்தில் வருகிறது, ஆனால் அது உங்கள் மகனுக்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் கழித்துச் சரியாக இருக்கும்.

ஆறு வயதுக்கு என் தேர்வு 'யோச்சியென்' இதழின் காகித இணைப்புகள், அல்லது 'இச்சிநென்செய்'. ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் செய்முறைப் படங்களும் எண்களும் போதும். புதிய இதழை ஜப்பானில் இருக்கும் நண்பர் மூலம் வரவழைப்பது சுலபம். பழைய இதழ் வாங்கினால் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இணைப்பு இருக்கிறதா, பிரிக்காமல் இருக்கிறதா? ஜப்பானியப் பழைய கடைகளில் 'ஃபுரோகு நாஷி' என்று சீட்டு ஒட்டியிருந்தால் இணைப்பு இல்லை என்று அர்த்தம், விலையும் அதனால்தான் குறைவாக இருக்கும். பிள்ளைக்காக வாங்குபவருக்கு அது வேண்டாம்.

வந்து சேர்ந்ததும் ஒன்று மட்டும் செய்யுங்கள். கப்பலில் வந்தாலும் விமானத்தில் வந்தாலும் நம் ஊர் ஈரக்காற்றில் அந்த அட்டை லேசாக வளைந்துகொள்ளும். ஒரு நாள் கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். மடிப்பதற்கு முன், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒவ்வொரு மடிப்புக் கோட்டின் மேலும் ஸ்கேல் வைத்து ஒரு முறை அழுத்தி இழுத்துவிடுங்கள். ஆறு வயது விரலுக்குக் கஷ்டமான வேலை அது ஒன்றுதான். மற்றதை அவனிடம் விட்டுவிடலாம்.